முஸாபிர்: சாட்சியா, காஜியா?

ஓர் ஊரைக் ‘கண்டேன்’ என்று சொல்ல ஒருவனுக்கு எத்தனை நாள் வேண்டும்? அங்கேயே பிறந்து வளர்ந்தவன் சொல்லலாம். பல்லாண்டு வாழ்ந்து பிழைத்தவனும் சொல்லலாம். காலையில் கப்பலை விட்டிறங்கி, அந்திக்குள் மீண்டும் கப்பலேறிவிடுகின்றவன் சொல்லலாமா? சொன்னால், அச்சொல்லுக்கு என்ன மதிப்பு? அவ்வூருக்கு அவன் பட்டிருக்கும் கடன் யாது?

இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. ஒரு காலத்தில் பெருஞ்செல்வர்க்கே உரியதாயிருந்த உல்லாசக் கப்பற் பயணம் இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் நிலைக்கு வந்துவிட்டது. 2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பலொன்று இலங்கைத் துறைமுகங்களுக்குப் புறப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் மலேசியக் கரையில் ஆங்காங்கே ஒரு பகற்பொழுது தங்கிச் செல்கின்றன. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உள்ள ஆலைகளில் பணியாற்றும் நம் பிள்ளைகள், ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் விடுமுறையில் பெற்றோரையும் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு அப்படியொரு பயணம் போய்வர எண்ணுவது இன்று வியப்புக்குரிய செய்தியன்று.

கப்பல் கரையைத் தொட்டதும் பயணியர் முன் இரண்டு வழிகள் உள்ளன. கப்பல் நிறுவனத்தார் ஏற்பாடு செய்யும் பேருந்தில் வழிகாட்டியோடு சென்று, காட்டுவதைக் கண்டு, இறங்கச் சொல்லும் இடத்தில் இறங்கி, ஏறச் சொல்லும் நேரத்தில் ஏறிவருவது ஒரு வழி. எவரையும் சாராமல், தம் விருப்பம்போல் ஊரைச் சுற்றிவருவது மற்றொரு வழி. இரண்டாவதே மேலானது என்பது பயணத்தில் பழகியோரின் கட்சி. செலவு குறைவு, கூட்டத்தின் நெருக்கடி இல்லை, மனம் நிற்கச் சொல்லும் இடத்தில் நிற்கலாம். ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது: தனியே போனவருக்காகக் கப்பல் காத்திராது.

‘எவரையும் சாராமல்’ என்னும் அச்சொல்லைத்தான் நாம் சற்று நின்று ஆராய வேண்டியுள்ளது. அறியாத ஊரில் ஒருவன் எவரையும் சாராமல் அரை நாள் நடந்துவிட முடியுமா? வழி கேட்டால் பொய் சொல்லாமல் காட்டுகிறாரே கடைக்காரர், அவரைச் சார்ந்திருக்கிறான். அந்நியக் காசைக் கணக்குப் பிசகாமல் திருப்பித் தருகிறாரே பேருந்து நடத்துநர், அவரைச் சார்ந்திருக்கிறான். தன் வீட்டு வாசலை யாரோ எட்டிப் பார்த்தபோதும் முகஞ்சுளிக்காதிருக்கிறாளே ஒரு மூதாட்டி, அவளையும் சார்ந்திருக்கிறான். தனக்குச் சுதந்திரம் என்று அவன் எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் அவ்வூரார் அவன்மேல் வைத்த நம்பிக்கை. அவன் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இரண்டு மலைத்தீவுகள்

உல்லாசக் கப்பல் என்றதும் உலகினர் நினைவுக்கு முதலில் வருவன கிரேக்க நாட்டுத் தீவுகள். அவற்றுள் சாந்தோரினி என்பது செங்குத்தான எரிமலைப் பாறையின் உச்சியில் வெள்ளை வீடுகளைச் சுமந்து நிற்பது. கப்பற்பயணியர் கீழே பழைய துறையில் இறங்கி, ஏறத்தாழ அறுநூறு படிகளைக் கடந்து மேலேற வேண்டும். இன்றேல் கம்பிவடத்தில் தொங்கும் ஊர்தியில் போகலாம். கழுதை, கோவேறு கழுதைகளின் முதுகிலும் போகலாம். அவ்விலங்குகள் படும் பாட்டைக் கண்டு உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின்னர், 2018இல் கிரேக்க அரசு விதியொன்று செய்தது: ஏற்றும் சுமை 100 கிலோவையோ, விலங்கின் எடையில் ஐந்திலொரு பங்கையோ மிகலாகாது என்பது அவ்விதி. அத்தீவில் குடியிருப்போர் 20,000க்கும் குறைவு. கோடைக்காலத்தில் ஒரே நாளில் பல கப்பல்கள் வந்து நின்றால் தெருவில் அவர்களுக்கே நடக்க இடமிராது. ஆகவே 2025இல் நாளொன்றுக்கு 8,000 கப்பற்பயணியர் என்று வரம்பு கட்டினர். அவ்வாண்டு ஜூலை முதல், கோடையில் வந்திறங்குவோர் தலைக்கு 20 யூரோ கட்டணமும் விதித்தனர்.

விருந்தோம்பலில் பெயர்பெற்ற மக்கள் வாசலில் கணக்குப்பிள்ளையை உட்கார்த்திவிட்டார்களே என்று வருந்துவதா? அப்படி ஒரு நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது எது என்று எண்ணுவதா? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முதுமொழி. விருந்தினரின் உரிமை மூன்று நாள் என்பதே நம் மார்க்க மரபும். அந்த மூன்று நாள் விருந்தில் வந்தவர் பெயரை வீட்டார் அறிவர். வீட்டார் சுகதுக்கத்தை வந்தவர் அறிவார். இங்கோ வந்தவர் எண்ணாகிவிட்டார். வீடு காட்சிப் பொருளாகிவிட்டது.

கிரேக்கம் நமக்குத் தொலைவு. அதே போன்றதொரு மலைத்தீவு, உல்லாசக் கப்பல்கள் வந்து நின்று போவது, நம் வரலாற்றோடு இரத்தமும் சதையுமாய்ப் பிணைந்தது, வங்கக் கடலுக்கு அப்பால் உள்ளது. அதுதான் பினாங்கு.

ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள அத்தீவின் நடுப்பகுதி முழுவதும் மலை. உயர்ந்த சிகரம் 833 மீட்டர். பினாங்கு மலை என்றும் புக்கிட் பெண்டேரா என்றும் வழங்கும் அம்மலைமீது ஏற, பழனியில் உள்ளது போன்றதோர் இழுவை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. பின்னர் 2011இல் அது புதுப்பிக்கப்பட்டது. மேலே போனால் குளிர்ந்த காற்று வீசுகிறது. கீழே ஜார்ஜ் டவுன் நகரமும், கடலிடுக்கும், அக்கரை நிலத்தை இணைக்கும் நெடும்பாலமும் கண்முன் விரிகின்றன. உச்சியில் ஒரு பள்ளிவாசலும் ஒரு முருகன் கோயிலும் அருகருகே இருப்பதைக் காணும் தமிழர்க்குத் தம் ஊர் நினைவு வாராமற் போகாது.

கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து நடந்தே நகருக்குள் போய்விடலாம். பழைய கோட்டையைக் கடந்து சற்று நடந்தால், ஒரே வீதியில் 1818இல் கட்டிய கிறிஸ்தவ ஆலயமும், சீனரின் கருணைத் தெய்வக் கோயிலும், 1801இல் தோன்றிய கபித்தான் கெலிங் பள்ளிவாசலும் வரிசையாக நிற்கின்றன. அடுத்த தெருவில் மாரியம்மன் கோயில். சூலியா தெரு முனையில், 1800களின் தொடக்கத்தில் நம்மவர் எழுப்பிய நாகூர் தர்காவின் நினைவுக் கட்டடம். நகரப் பேருந்திலேயே மலையடிவாரத்துக்கும் போகலாம். தனியே சுற்றுவோர்க்கு இதைவிட வசதியான துறை அரிது. 2008இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்த பின்னர் வருவோர் தொகையும் பெருகிவிட்டது.

கப்பல் காத்திராத மனிதர்

ஒரு பகற்பொழுதுக்குள் இவ்வளவையும் கண்டுவிட்டுத் திரும்பும் பயணி, ‘பினாங்கைப் பார்த்துவிட்டேன்’ என்கிறார். எதைப் பார்த்தார்? கட்டடங்களைப் பார்த்தார். அக்கட்டடங்களை எழுப்பியோர் எப்படி அங்கு வந்தனர் என்பது சுவர்களில் எழுதப்பட்டிருப்பதில்லை.

பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் 1786இல் அத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காகக் கைக்கொண்டார். கும்பினியார் அதனைத் தம் சிறைக்கூடமாகவும் பயன்படுத்தினர். சிவகங்கைச் சீமையின் வீழ்ச்சிக்குப் பின்னர், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேரை 1802இல் நாடுகடத்தியது இத்தீவுக்குத்தான். அவர்களும் கப்பலில்தான் வந்திறங்கினர். அந்தக் கரையில் நின்று அதே மலையைத்தான் அவர்களும் கண்டிருப்பர். ஆனால், மாலையில் திரும்ப அவர்களுக்குக் கப்பலில்லை.

பின்னர் வந்த தோட்டத் தொழிலாளரும் அப்படியே. தீவின் கிழக்குக் கரையோரம் ஜெரஜாக் என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1800களின் பிற்பகுதியில் வந்திறங்கிய கூலியாட்களை நோய்த் தடுப்பு என்ற பெயரில் அங்கே தடுத்து வைத்து, அதன் பின்னரே உள்ளே விட்டனர். 1926இல் ஓடத் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மக்களை ஏற்றிச் சென்ற ‘ரஜூலா’ கப்பலை அறியாத கரையோரக் குடும்பம் உண்டோ? மேல்தளத்தில் பாயை விரித்து, ஏறக்குறைய ஒரு வாரம் கடற்காற்றிலும் மழையிலும் கிடந்து சென்றவர் நம் பாட்டனார்கள். அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழியே அடைபட்டது.

நாகூரிலும் கடையநல்லூரிலும் தென்காசியிலும் இராமநாதபுரக் கரையிலும் இவர்களைச் ‘சபுராளி’ என்றனர். சபர் போனவர், அதாவது பயணம் போனவர் என்பது அதன் பொருள். பயணம் என்று பெயரே ஒழிய, அது ஐந்தாண்டு, பத்தாண்டு நீளும் பிரிவு. இங்கே மனைவி தபால்காரரின் காலடியோசைக்குக் காத்திருப்பாள். தந்தையின் முகமறியாத பிள்ளை ஓதப் போய்க்கொண்டிருக்கும். அங்கே அவர் தோளில் காவடிபோல் ஒரு கம்பைத் தாங்கி, ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்புமாகத் தெருத்தெருவாய் விற்றுத் திரிவார். அந்தத் தோட்கம்புக்கு மலாய் மொழியில் கண்டார் என்று பெயர். இன்று உலகோர் வரிசையில் நின்று உண்ணும் ‘நாசி கண்டார்’ உணவு அத்தோள்களிலிருந்து பிறந்தது. நம்மவர் நடத்தும் உணவுக்கடையை அந்நாட்டார் ‘மாமாக்’ கடை என்கின்றனர். நம் ‘மாமா’ என்னும் உறவுச்சொல்லே அவ்வாறு ஆயிற்று.

அவர்கள் சோறு மட்டும் விற்கவில்லை. நாகூர்ப் பெரும்புலவர் குலாம் காதிறு நாவலர் 1880களில் பினாங்கிலிருந்து ‘வித்தியா விசாரிணி’ என்னும் தமிழ் இதழை நடத்தினார். கடல் கடந்து பிழைக்கப் போன இடத்திலும் எழுத்தை மறவாத சமுதாயம் அது.

மலைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. இழுவை ரயில் வருமுன், வெள்ளைக்காரத் துரைமார் குளிர்தேடி அம்மலைக்குப் போனபோது, அவர்களை நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏறினர் கூலியாட்கள். சாந்தோரினியின் கழுதைக்காக இரங்கும் நாம், மனிதத் தோள்மீது ஏறிச் சென்ற காலத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். உயரத்திலிருந்து காணும் காட்சி அழகானது. யார் தோளில் ஏறி அவ்வுயரத்தை அடைந்தோம் என்னும் வினா அவ்வழகைக் கெடுத்துவிடாது. அதற்குப் பொருளைக் கொடுக்கும்.

ஆக, அத்தீவில் ஒரு பகல் உலவும் பயணிக்கும், அத்தீவை உருவாக்கியோருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றே: இவனுக்குக் கப்பல் காத்திருக்கிறது; அவர்களுக்குக் காத்திருக்கவில்லை. இவனுடைய மகிழ்ச்சிக்கே அதுதான் காரணம். திரும்பிப் போகலாம் என்ற உறுதி இருப்பதால்தான் குறுகிய சந்து அழகாகத் தெரிகிறது. பழைய சுவர் ஓவியமாகத் தெரிகிறது. இதில் குற்றமில்லை. இதை அறியாதிருப்பதே குற்றம்.

இப்னு பதூதா காட்டும் பாடம்

அப்படியாயின், சில மணி நேரமே ஓர் ஊரில் நின்றவனுக்கு அவ்வூரைப் பற்றிப் பேச உரிமையே இல்லையா? இவ்வினாவுக்கு விடை தேட, பயணத்தையே வாழ்வாகக் கொண்ட ஒரு பெரியாரை நாடுவோம்.

மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிலிருந்து 1325இல் தமது இருபத்தோராம் வயதில் புறப்பட்ட இப்னு பதூதா, முப்பதாண்டுக் காலம் உலகைச் சுற்றினார். அவர் இரண்டு நிலைகளில் நம் பக்கத்துத் தீவுகளுக்கு வந்தார். மாலத்தீவில் அவர் காஜியாக அமர்த்தப்பட்டார். வந்து நெடுநாள் ஆகுமுன்பே அத்தீவினரின் பழக்கவழக்கங்களைத் திருத்த முற்பட்டார். குறிப்பாக, பெண்களின் உடைவழக்கத்தை மாற்ற ஆணையிட்டார். அது தம்மால் இயலாமற் போயிற்று என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அத்தீவாரும் முஸ்லிம்களே. மார்க்கம் ஒன்றாயிருந்தும், வந்தவருடைய தீர்ப்பு அம்மண்ணில் வேரூன்றவில்லை.

அங்கிருந்து 1344இல் அவர் இலங்கையை அடைந்தார். புத்தளக் கரையில் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, வேண்டுவதைக் கேட்கச் சொன்னார். இத்தீவுக்கு வந்தது முதல் ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகப் போற்றப்படும் மலையைக் காண்பதைத் தவிர வேறு விருப்பமில்லை என்றார் இப்னு பதூதா. மன்னர் பல்லக்குக் கொடுத்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினார். ஒரு முஸ்லிம் பயணி. அவருக்கு வழிகாட்டிகள் யோகியரும் பிராமணரும். வழியனுப்பியவர் இந்து மன்னர். போகுமிடம் பல சமயத்தாரும் தத்தம் முறையில் வணங்கும் மலை. உலகம் போற்றும் அந்த மாபெரும் பயணியும் ‘எவரையும் சாராமல்’ அம்மலையில் ஏறவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

காஜியாக அவர் இட்ட ஆணைகள் மாலத்தீவில் நிலைக்கவில்லை. ஆனால், அத்தீவினரின் உணவு, கயிறு, சோழி வாணிகம், அரசியின் ஆட்சி ஆகியன பற்றி அவர் கண்டபடி சொல்லிவைத்த செய்திகள் இன்றளவும் வரலாற்றாசிரியர்க்குப் பொக்கிஷமாய் விளங்குகின்றன. தீர்ப்பு அழிந்தது, சாட்சியம் வாழ்கிறது.

நம் வினாவுக்கு விடை இதில் அடங்கியிருப்பதாகவே நாம் கருதுகிறோம். சாட்சிக்கும் நீதிபதிக்கும் உள்ள வேறுபாட்டை நம் மரபு நன்கறியும். சாட்சி சொல்ல நெடுநாள் தேவையில்லை. ஒரு நொடியில் கண்டவனும் சாட்சியாவான். ஆனால், அவன் நேர்மையாளனாயிருக்க வேண்டும். எங்கே நின்று, எவ்வளவு நேரம் கண்டான் என்பதை மறைக்கலாகாது. காணாததைக் கண்டதோடு சேர்க்கலாகாது. நீதிபதியின் நிலை வேறு. இருதரப்பையும் கேளாமல், முழுமையும் ஆராயாமல் அவன் வாய் திறக்கலாகாது. முஸாபிர் சாட்சியாக இருக்கலாம், காஜியாக இருக்கலாகாது.

அப்படியானால் கொடுமை கண்டவிடத்தும் பயணி வாய்மூடிப் போகவேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. இதற்கும் இப்னு பதூதாவே சான்று. பின்னர் அவர் தமிழகக் கரைக்கு வந்தபோது மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு விருந்தளித்தார். திருமண வழியில் உறவினரும்கூட. அந்தச் சுல்தான் சிறைப்பிடித்த மக்களை, பெண்டிரையும் பிள்ளைகளையும்கூட விடாது வதைத்துக் கொன்றதைத் தம் கண்ணால் கண்ட இப்னு பதூதா, உறவென்றும் தம் மார்க்கத்தாரென்றும் உண்ட வீடென்றும் பாராது, அதனை வெறுத்து எழுதிவைத்தார். கண்டதைச் சொல்வதில் அச்சமும் தயவும் கூடாது. கண்ட ஒன்றைக் கொண்டு ஒரு மக்களினத்தையே அளந்துவிடுவதுதான் கூடாது. அவருடைய நூலிலும் சில பகுதிகள் அவர் நேரிற் காணாதன என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். பெரும்பயணிக்கும் சாட்சியத்தின் எல்லையைக் காப்பது எளிதாயிருக்கவில்லை என்பதே இதன் பொருள்.

நம் வாசலில் நிற்கும் முஸாபிர்

இவ்வளவும் பினாங்குக்குப் போகிறவர்க்குத்தானே, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. இருங்காட்டுக்கோட்டையில் வாழ்வோர் இதன் மறுபக்கத்தை நாள்தோறும் காண்கின்றனர். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஊர்திகள் இவ்வூரை நொடிப்பொழுதில் கடந்துவிடுகின்றன. அவற்றில் செல்வோர் காண்பவை ஆலை மதில்கள், கொள்கலன் லாரிகள், கொரிய எழுத்துப் பெயர்ப்பலகைகள். ‘இங்கே என்ன இருக்கிறது, வெறும் பேக்டரி’ என்று சொல்லிப் போய்விடுகின்றனர். 1996இல் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டுமுன்பும், 1990இல் பந்தயச் சாலை அமையுமுன்பும் இங்கு ஊர் இருந்தது; ஏரிப்பாசனமும் வயலும் இருந்தன; பிறப்பும் இறப்பும் கல்யாணமும் இருந்தன. அவர்கள் சொன்னது சாட்சியமன்று, தீர்ப்பு. அத்தீர்ப்பு நம்மைச் சுடுகிறதன்றோ? சுடுமாயின், நாம் பிறர் ஊரைக் கடக்கும்போது நம் நாவைக் காத்துக்கொள்ள அது பாடமாகட்டும்.

2021 டிசம்பரில் நடந்ததை நினைவூட்டுவோம். இவ்வட்டாரத்துக் கைப்பேசி ஆலையொன்றில் வேலை செய்த இளம்பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் நிலை தெரியாது கலங்கிய பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். அன்று அவ்வழியே சென்ற பயணிக்கு அது போக்குவரத்து நெரிசல். அமர்ந்திருந்தவர்க்கோ அது உயிர். ஒரே சாலை, ஒரே நாள், இரண்டு உண்மைகள்.

பினாங்கிலும் இப்படி ஓரிடம் உண்டு. தீவின் தென்கிழக்கே பாயான் லெபாஸ் என்னுமிடத்தில் 1972 முதல் மின்னணு ஆலைகள் எழுந்தன. கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் திரளாக வந்து வேலைக்குச் சேர்ந்தனர். மரபுச் சின்னங்களைக் காட்டும் வழிகாட்டிப் புத்தகங்கள் அம்மதில்களைக் காட்டுவதில்லை. ஆனால், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து போகும் ஒரு குடும்பம் அவ்வழியே பேருந்தில் செல்ல நேர்ந்தால், முறை மாறும் நேரத்தில் வாயிலில் நிற்கும் அப்பெண்களின் முகக்களைப்பை உடனே அறிந்துகொள்ளும். வழிகாட்டியால் காட்டமுடியாததை வாழ்க்கை காட்டிவிடுகிறது. தனியே சுற்றுவதன் உண்மையான பயன் இதுவே: நம் துன்பத்தால் நாம் கற்றதைக் கொண்டு பிறரைக் காண வாய்ப்புக் கிடைக்கிறது.

இன்னுமொன்று. கபித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரிலுள்ள ‘கெலிங்’ என்னும் சொல், கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பர். ஒரு காலத்தில் அது தென்னிந்தியரைக் குறித்த வெறும் அடையாளச் சொல். நாளடைவில் அது இழிசொல்லாயிற்று. இன்று அந்நாட்டுத் தமிழர் அச்சொல்லால் அழைக்கப்படுவதை அவமதிப்பாகவே கருதுகின்றனர். ஒரு திசையின் பெயர் எவ்வாறு வசையாக மாறுகிறது என்பதை அறிய நாம் பினாங்கு வரை போகவேண்டியதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓர் அறைக்குப் பலராய்த் தங்கி உழைக்கும் இளைஞரை நம்மவர் ‘வடக்கன்’ என்கின்றனர். சொல்லில் திசை இருக்கிறது. சொல்லும் குரலில் தீர்ப்பு இருக்கிறது.

நம் பாட்டனார் ‘கெலிங்’ எனப்பட்டார். நாம் இன்னொருவர் பேரனை ‘வடக்கன்’ என்கிறோம். நம் பாட்டனாரை ‘மாமா’ என்றழைத்த நாவுகளும் அத்தீவில் இருந்தன. அச்சொல்லே நிலைத்து ஒரு நாட்டின் உணவுக்கடைக்குப் பெயராயிற்று. நம் வாசலில் நிற்கும் முஸாபிருக்கு நாம் இவ்விரண்டில் எந்தச் சொல்லை வைத்திருக்கிறோம்? பத்தாண்டு இங்கு வாழ்ந்தும், அடுத்த அறையிலிருப்பவனின் ஊரையும் பெயரையும் கேட்டறியாதவர் எத்தனை பேர்! நெடுநாள் வாழ்வதால் மட்டும் ஓரூரை அறிந்துவிட முடியாது. கேட்டறியும் பண்பு உடையவன் ஒரு பகலிலும் சிறிது அறிவான்.

சலுகையும் கடமையும்

மார்க்கம் முஸாபிருக்குப் பல சலுகைகளை வழங்கியிருக்கிறது. தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம், நோன்பைப் பிற்படுத்திக்கொள்ளலாம், ஸக்காத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். பயணி இயல்பிலேயே பலவீனமானவன், பிறர் ஆதரவில் வாழ்பவன் என்னும் கருத்தன்றோ இச்சலுகைகளுக்கு அடிப்படை? சலுகை பெற்றவனுக்குக் கடமையும் உண்டு.

முதற்கடமை, ஆசையைச் சுருக்குவது. கப்பல் எட்டு மணி நேரம் நின்றால், இறங்குவதற்கும் முன்னதாகத் திரும்புவதற்கும் இரண்டு மணி போய்விடும். எஞ்சிய பொழுதில் மலையும் வேண்டும், வீதியும் வேண்டும், கடைத்தெருவும் வேண்டுமென்று ஓடுகின்றவன் எதையும் காண்பதில்லை. மலையேறுவதென்றால் மலை, வீதியென்றால் வீதி. ஒன்றை நின்று காண்பவனே சாட்சியாகத் தகுந்தவன்.

இரண்டாவது, கேட்பது. வழிகாட்டியை வேண்டாமென்று விட்டவன், ஊராரை வழிகாட்டியாக ஏற்றாக வேண்டும். இன்றேல் தன் பழைய எண்ணங்களையே வழிகாட்டியாய்க் கொண்டு திரிந்துவிட்டு வருவான். பினாங்கில் நமக்குத் தமிழே துணைக்கு நிற்கிறது. ஒரு ஸலாம், ஒரு வணக்கம், ‘உங்கள் பூர்வீகம் எந்த ஊர்?’ என்னும் ஒரு கேள்வி. இவை திறக்கும் கதவை எந்த வரைபடமும் திறவாது.

மூன்றாவது, அடக்கம். தொழுவோரையும் கும்பிடுவோரையும் அனுமதியின்றிப் படமெடுப்பதும், ஏழை வியாபாரியிடம் சில காசுக்காக வாதாடி வென்றதை ஊர் திரும்பிப் பெருமையாய்ப் பேசுவதும் விருந்தினர்க்கு அழகல்ல.

நான்காவது, திரும்பிய பின்னர் உண்மை பேசுவது. ‘பினாங்குக்காரர்கள் இப்படித்தான்’ என்பது தீர்ப்பு. ‘சூலியா தெருவில் ஒரு பெரியவரிடம் பேசினேன், இன்னது சொன்னார், அவ்வளவே எனக்குத் தெரியும்’ என்பது சாட்சியம். முன்னது கேட்பவர் மனத்தை மூடுகிறது. பின்னது திறந்து வைக்கிறது.

ஓய்வுக்கும் மகிழ்ச்சிக்கும் போகும் இடத்தில் இத்தனை பாரத்தைச் சுமத்துவானேன் என்று சிலர் கருதலாம். இது பாரமன்று. பூட்டிய பேழையின் வெளிப்புறத்தை மட்டும் கண்டு திரும்புவதைவிட, உள்ளிருப்பதில் ஒரு மணியையேனும் கண்டு திரும்புவது பெருமகிழ்ச்சி அன்றோ?

இவ்வுலக வாழ்வையே ஒரு பயணமாகவும், மனிதனை வழிப்போக்கனாகவும் எண்ணிப் பழகியவர்கள் நாம். நெடுநாள் தங்குவதாய் எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கும் புறப்படும் நேரம் ஒன்று குறிக்கப்பட்டே இருக்கிறது. அந்நேரம் வருமுன், போன ஊரிலும் சரி, வாழும் ஊரிலும் சரி, பிறரைப் பற்றி நாம் சொன்னவை தீர்ப்புகளா, சாட்சியங்களா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக!